ஒரு கணக்கு மென்பொருள், மூன்று கடைகள்: தொகுதிகளின் சார்புகளை ஒழுங்குபடுத்திய பதிவு

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கமிஷன் கடை, கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்த வியாபாரக் கடை, மதுரை நகருக்குள் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடை ஆகிய மூன்றுக்கும் ஒரே கணக்கு மென்பொருளை நாங்கள் பராமரித்து வருகிறோம். மென்பொருள் ஒன்றுதான் என்றாலும், ஒரு கடைக்குத் தேவையான பகுதி இன்னொரு கடைக்குத் தேவைப்படுவதில்லை. பூக்கடைக்கு மின்னணுத் தராசிலிருந்து எடையை நேரடியாக வாங்கிச் சிட்டையில் பதியும் பகுதியும், கமிஷனையும் முன்பணத்தையும் கழித்து விவசாயிக்குப் பட்டுவாடா செய்யும் பேரேடும் வேண்டும். சரக்கிருப்புக் கணக்கு வேண்டாம், ஏனெனில் மல்லிகை மறுநாளைக்கு நிற்கும் சரக்கு அன்று. பலசரக்குக் கடைக்கு இருப்புக் கணக்கே உயிர். அத்துடன் மாதந்தோறும் ஜிஎஸ்டி விவரத்தை எக்செல் கோப்பாக எடுத்துக் கணக்காளருக்கு அனுப்ப வேண்டும். சேலைக் கடைக்கு இருப்பும் பார்கோடும் போதும். பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். அந்நேரத்தில் இணையம் வரவில்லை என்பதற்காக எடை போடுவதை நிறுத்த முடியாது. ஆகவே இது மேசைக் கணினியில் தனித்து ஓடும் மென்பொருளாகவே இருந்துவருகிறது.

இதற்கு முன்பு வேறு ஒரு குழு எழுதிய மூலநிரல் எங்களிடம் வந்தபோது, பெயரளவில் அது தொகுதிகளாக, அதாவது தனித்தனியே சேர்க்கவும் நீக்கவும் கூடிய பகுதிகளாக, பிரிந்தே இருந்தது. சிட்டை, பேரேடு, தராசு, இருப்பு, வரி, அச்சு என்று தனித்தனிக் கோப்புறைகள் இருந்தன. ஆனால் பூக்கடைக்கான நிறுவியை உருவாக்கினால் அதற்குள் எக்செல் நூலகமும் பார்கோடு நூலகமும் (பிறர் எழுதித் தந்த ஆயத்த நிரல்கள்) சேர்ந்தே வந்தன; இருப்புத் தொகுதியை எடுத்துவிட்டால் சிட்டைத் தொகுதியைக் கம்பைல் செய்யவே (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றவே) முடியவில்லை. ஒரு தொகுதி எவற்றை நம்பி நிற்கிறது என்பது, அதாவது அதன் சார்புகள், அதன் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்; எழுதப்பட்டதற்கு மேல் அது எதையும் தொடக் கூடாது. இந்த இரண்டும் நிறைவேறாத வரை கோப்புறைப் பிரிப்பு வெறும் அடுக்கி வைத்தல்தான் என்பது எங்கள் கருத்து. அந்த நிலைக்கு மூலநிரலைக் கொண்டுவந்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் தடை, புதிய கணினி ஒன்றில் மூலநிரல் பில்ட் ஆகவே இல்லை, அதாவது அதிலிருந்து ஓடும் மென்பொருள் உருவாகவே இல்லை என்பதுதான். பில்ட் செய்வதற்கு, தேவையான நூலகங்களைத் தானே வரவழைத்துக்கொள்ளும் மேவன் என்னும் கருவி பயன்பட்டிருந்தது. அடித்தளம், தொகுதிகளைச் சேர்த்து ஜாவா மொழியில் மேசைக் கணினி மென்பொருள் கட்ட உதவும் நெட்பீன்ஸ் பிளாட்ஃபார்ம், அதுவும் 2016இல் வந்த 8.2 பதிப்பு. 1996இல் பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய நெட்பீன்ஸ், சன் நிறுவனத்திடமும் பின்னர் ஆரக்கிளிடமும் இருந்துவிட்டு, 2016இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கைமாற்றத்தோடு அதன் நூலகங்கள் கிடைக்கும் களஞ்சியமும் மாறிவிட்டது. எங்கள் பாம் கோப்பில் (ஒரு தொகுதியின் சார்புகளை மேவனுக்குச் சொல்லும் கோப்பு) எழுதப்பட்டிருந்த பழைய களஞ்சிய முகவரியோ எச்டிடிபி வகையைச் சேர்ந்தது, அதாவது மறையாக்கம் இல்லாதது. 2021இல் வெளியான மேவன் 3.8.1 முதல், அத்தகைய பாதுகாப்பற்ற களஞ்சியங்களை மேவன் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. அந்தத் தடையை அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றித் தாண்டிவிடலாம் என்றாலும் நாங்கள் அதைச் செய்யவில்லை. வரும் வழியில் எவரும் மாற்றிவிடக்கூடிய ஒரு ஜார் கோப்பை (ஜாவா நூலகம் வரும் பொதி), பணக் கணக்கு ஓடும் கணினியில் கொண்டுபோய் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அப்பாச்சியின் கீழ் வந்த பதிப்புகள் மேவன் மையக் களஞ்சியத்திலேயே கிடைப்பதால், அடித்தளத்தை ரிலீஸ்210 என்ற பதிப்புக்கு உயர்த்தி, ஜாவா 17இல் பில்ட் செய்தோம். ஜாவா 11இலிருந்து ஜேடிகேயில் (ஜாவாவின் உருவாக்கக் கருவித் தொகுப்பில்) இடம்பெறாத, எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜாவா பொருள்களாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) நூலகத்தைத் தனிச் சார்பாகச் சேர்க்க வேண்டியிருந்ததைத் தவிர, இந்த உயர்வில் சொல்லும்படியான சிக்கல் ஏதும் எழவில்லை.

அடுத்ததாக, மேவனின் சார்பு மரக் கட்டளையை ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டி, வந்த பட்டியலை மூலநிரலோடு சேர்த்தே சேமித்துக்கொண்டோம். பின்னால் எதை மாற்றினாலும் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டு, எது புதிதாக உள்ளே வந்தது, எது வெளியேறியது என்று பார்க்க அது உதவியது. இந்த இடத்தில் மேவனும் நெட்பீன்ஸும் சார்பை இரண்டு விதமாகப் பார்க்கின்றன என்பதை விளக்கியாக வேண்டும். வரித் தொகுதி இருப்பைச் சார்ந்திருக்கிறது, இருப்பு, எல்லாவற்றுக்கும் பொதுவான கிளாஸ்கள் (நிரலின் அடிப்படை அலகுகள்) உள்ள பொதுமாதிரியைச் சார்ந்திருக்கிறது என்றால், மேவன் பொதுமாதிரியையும் வரித் தொகுதியின் கண்ணில் காட்டிவிடும். ஆகவே வரித் தொகுதியின் நிரலில் பொதுமாதிரியின் கிளாஸ்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், கம்பைல் ஆகிவிடும். நெட்பீன்ஸின் தொகுதி அமைப்போ அப்படி வழிவழியாகச் செல்லும் உரிமையைத் தருவதில்லை. வரித் தொகுதி தன் சார்புப் பட்டியலில் பொதுமாதிரியை நேரடியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் ஓடும் நேரத்தில் அதன் கிளாஸ்கள் அதற்குத் தெரியும்; அதிலும் பொதுமாதிரி வெளியே காட்டுவதாக அறிவித்த பேக்கேஜ்கள் (கிளாஸ்களின் தொகுப்புகள்) மட்டுமே தெரியும்.

இரண்டு விதிகளுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைப் பில்ட் நேரத்திலேயே பிடித்துவிடும் சோதனை, நெட்பீன்ஸுக்கான மேவன் பிளகினில் (செருகுநிரலில்) இருக்கிறது. வழிவழியாக வந்த ஒரு தொகுதியின் கிளாஸை நிரல் பயன்படுத்துகிறது, அது ஓடும் நேரத்தில் கிடைக்காது என்று அது தெளிவாகவே சொல்லிவிட்டு பில்டை நிறுத்தும். எங்களுக்கு வந்த மூலநிரலில் அந்தச் சோதனை அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைத்தவர்களின் அவசரம் என்னவோ தெரியாது. விளைவு என்னவென்றால், பில்டில் வர வேண்டிய பிழைகள் எல்லாம் கடையில், சிட்டை போடுபவர் ஒரு பொத்தானை அழுத்தும் நேரத்தில் வந்தன. சோதனையை மீண்டும் இயக்கியதும் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளும் ஒரே நேரத்தில் சிவப்பாயின. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பட்டியலில் கண்ட ஒவ்வொரு வரியும், எங்கேயோ எழுதப்படாமல் விடப்பட்ட ஒரு சார்பு.

அவற்றைத் தீர்ப்பதற்கு மேவனின் சார்புப் பகுப்பாய்வுக் கட்டளை துணை செய்தது. அது இரண்டு பட்டியல்களைத் தரும்: பயன்படுத்தப்பட்டும் அறிவிக்கப்படாதவை, அறிவிக்கப்பட்டும் பயன்படுத்தப்படாதவை. முதல் பட்டியலை ஏறத்தாழ அப்படியே நம்பலாம். இரண்டாவது பட்டியலை நம்பி எதையும் நீக்கக் கூடாது. அந்தக் கருவி கம்பைல் செய்த பின் கிடைக்கும் பைட்கோடைப் படித்து முடிவு செய்கிறது; பெயரைக் கொண்டு ஓடும் நேரத்தில் ஏற்றப்படும் நூலகங்கள் அதன் கண்ணுக்குப் படுவதில்லை. எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கான ஜேடிபிசி இயக்கியை (ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நூலகத்தை) பயன்படாதது என்று அது காட்டியது. அதை நீக்கியிருந்தால் மூன்று கடைகளிலும் கணக்கே திறந்திருக்காது. அத்தகைய நூலகங்களை, ஓடும் நேரத்துக்கு மட்டுமானவை என்னும் வரம்பில் அறிவித்து, ஏன் அங்கே இருக்கின்றன என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தோம். கம்பைலர் மாறிலிகளின் மதிப்பை நிரலுக்குள்ளேயே பதித்துவிடுவதால், மாறிலிகளுக்காக மட்டும் பயன்படும் நூலகமும் இதே பட்டியலில் வந்து சேரும்.

பதிப்பு எண்கள் இன்னொரு குழப்பம். ஒவ்வொரு தொகுதியின் பாம் கோப்பிலும் அந்தந்த நேரத்தில் கிடைத்த பதிப்பு எழுதப்பட்டிருந்தது. பலசரக்குக் கடையில் எக்செல் ஏற்றுமதியை அழுத்தினால் மட்டும் மென்பொருள் பிழை காட்டி நின்றது. பிழைப் பதிவில் இருந்தது, காமன்ஸ்-ஐஓ நூலகத்தின் அன்சிங்க்ரனைஸ்டு பைட்அரே அவுட்புட்ஸ்ட்ரீம் என்ற கிளாஸ் கிடைக்கவில்லை என்னும் செய்தி. எக்செல் கோப்பை எழுதும் அப்பாச்சி பிஓஐ 5.2.3, காமன்ஸ்-ஐஓ 2.11.0ஐ எதிர்பார்க்கிறது, அந்த கிளாஸோ 2.7இல்தான் சேர்க்கப்பட்டது. தாய்ப் பாம் கோப்பில், கோப்புகளை நகலெடுக்கும் ஏதோ ஒரு சின்ன வேலைக்காக, காமன்ஸ்-ஐஓ 2.4 எல்லாத் தொகுதிகளுக்கும் பொதுவாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் மோதும்போது மேவன் புதியதைத் தேர்ந்தெடுப்பதில்லை. சார்பு மரத்தில் வேருக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது. பிஓஐ வழியாக வந்த 2.11.0 ஒரு படி தள்ளி இருந்தது. நேரடியாக எழுதப்பட்ட 2.4 வென்றது. மேவனைப் போன்ற இன்னொரு கருவியான கிரேடில் ஆக இருந்திருந்தால் இயல்பாகவே உயர்ந்த பதிப்பை எடுத்திருக்கும். அதனால் கிரேடிலே மேல் என்று சொல்ல வரவில்லை. உயர்ந்த பதிப்பு பழைய நிரலை உடைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. எந்தக் கருவியானாலும் அதன் தேர்வு விதியைத் தெரிந்துகொள்ளாமல் பதிப்பு எண்களை எழுதுவதுதான் ஆபத்து.

ஆகவே பதிப்பு எண்கள் அனைத்தையும் தாய்ப் பாம் கோப்பின் சார்பு மேலாண்மைப் பகுதியில் ஒரே அட்டவணையாக்கினோம். தொகுதிகளின் பாம் கோப்புகளில் நூலகத்தின் பெயர் மட்டும் இருக்கும், எண் இருக்காது. இந்த அட்டவணை எண்ணை நிர்ணயிக்குமே தவிர, எந்த நூலகத்தையும் எந்தத் தொகுதிக்குள்ளும் தானாகக் கொண்டுவராது. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான்: தாய்க் கோப்பின் சாதாரணச் சார்புப் பட்டியலில் எழுதினால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும், மேலாண்மைப் பகுதியில் எழுதினால் கேட்கும் பிள்ளைக்கு மட்டும் போகும். அத்துடன் மேவன் என்ஃபோர்சர் பிளகினில், எவரும் எதிர்பார்க்கும் பதிப்பைவிடக் குறைந்த பதிப்பு தேர்வானால் பில்டை நிறுத்தும் விதியையும் சேர்த்தோம். காமன்ஸ்-ஐஓ போன்ற சிக்கல் இனி வந்தால், கணக்காளர் காத்திருக்கும் நேரத்தில் வராமல் எங்கள் அலுவலகத்திலேயே வந்துவிடும்.

இந்த வேலையில் அதிகம் கற்றுத் தந்தது பூக்கடைச் சிக்கல். தராசு காட்டும் எடை திரையில் சரியாகத் தெரியும். சிட்டைக்கு மாற்றும்போது மட்டும், எடை என்னும் கிளாஸை எடை என்னும் கிளாஸாக மாற்ற இயலாது என்று பிழை வரும். படிப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ஜாவாவில் ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டுமன்று. அதை நினைவகத்தில் ஏற்றிய கிளாஸ்லோடர் என்னும் பகுதியும் சேர்ந்ததே அடையாளம். நெட்பீன்ஸில் ஒவ்வொரு தொகுதிக்கும் தனி கிளாஸ்லோடர் உண்டு. எடை, விலை, வியாபாரி போன்ற பொதுவான கிளாஸ்கள் ஒரு சாதாரண ஜார் கோப்பில் இருந்தன. தராசுத் தொகுதியும் சிட்டைத் தொகுதியும் அதைத் தனித்தனியே அறிவித்திருந்தன. நெட்பீன்ஸ் தொகுதியாக இல்லாத ஜார் கோப்பைச் சார்ந்தால், பிளகின் அதன் நகலொன்றை அந்தத் தொகுதிக்குள்ளேயே வைத்துவிடுகிறது. ஆக, ஒரே ஜார் இரண்டு நகல்களாகி, இரண்டு கிளாஸ்லோடர்களால் ஏற்றப்பட்டு, தொடர்பில்லாத இரண்டு எடைகளாகிவிட்டது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்து, ஒருவருக்கு வந்த தந்தி இன்னொருவர் வீட்டுக்குப் போன கதைதான். ஜாவா 11 முதல் இந்தப் பிழைச் செய்தியிலேயே, எந்த கிளாஸை எந்த கிளாஸ்லோடர் ஏற்றியது என்று எழுதப்படுவதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டது. பழைய ஜாவாவில் இதே பிழை பலரைச் சுற்றலில் விட்டிருக்கும்.

தீர்வாக அந்த ஜார் கோப்பை, தன் பேக்கேஜ்களை வெளிப்படையாக அறிவிக்கும் ஒரு நெட்பீன்ஸ் தொகுதியாக மாற்றினோம். இரண்டு தொகுதிகளும் அதையே சார்ந்தன. அதிலிருந்து வெளி நூலகங்களுக்கான ஒரு விதியையும் வகுத்துக்கொண்டோம். ஒரு நூலகத்தின் கிளாஸ்கள் தொகுதிகளுக்கு இடையே கைமாறுமானால், அந்த நூலகம் ஒரே ஒரு உறைத் தொகுதிக்குள் இருக்க வேண்டும். மற்றவை அனைத்தும் அந்த உறையைச் சார வேண்டும். கைமாறாது என்றால் பயன்படுத்தும் தொகுதிக்குள்ளேயே மறைந்திருக்கட்டும். பிஓஐ இப்போது வரித் தொகுதிக்குள் மறைந்திருக்கிறது. வெளியே தெரிவது, விவரங்களைக் கொடுத்தால் கோப்பைத் தரும் எங்கள் சொந்த இடைமுகம் (அழைக்கும் முறையை மட்டும் சொல்லும் பகுதி) மட்டுமே. நாளை பிஓஐக்குப் பதில் வேறு ஒன்றை வைத்தாலும் மற்ற தொகுதிகளுக்கு அது தெரியப்போவதில்லை. தராசோடு தொடர் முனையம் வழியாகப் பேசும் ஜேசீரியல்காம் நூலகமும் தராசுத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அது விண்டோஸில் நேரடியாக இயங்கும் நேட்டிவ் கோப்புகளைத் தன்னுடன் சுமந்து வருகிறது, ஒரே நேட்டிவ் கோப்பை ஒரு ஜாவா இயக்கத்தில் இரண்டு கிளாஸ்லோடர்கள் ஏற்ற முடியாது.

சிட்டைக்கும் இருப்புக்கும் இடையில் இருந்த முடிச்சு வேறு வகை. சிட்டை போடும்போது கையிருப்பைக் காட்ட வேண்டும் என்பதால் சிட்டை இருப்பைச் சார்ந்திருந்தது. விற்றது எவ்வளவு என்று இருப்புக்குத் தெரிய வேண்டும் என்பதால் இருப்பு சிட்டையைச் சார வேண்டியிருந்தது. சார்புகள் வட்டமாகச் சுற்றினால் மேவன் பில்ட் செய்ய மறுத்துவிடும் என்பதால், பழைய நிரலில் ரிஃப்ளெக்ஷன் வழியாக, சிட்டையின் கிளாஸ் பெயரை எழுத்துத் தொடராகக் கொடுத்து அழைத்திருந்தார்கள். மேவனின் கண்ணை மறைத்தாலும் வட்டம் இல்லாமல் போய்விடவில்லை. நாங்கள் இடைமுகங்கள் மட்டுமே உள்ள ஒரு சிறிய தொகுதியை நடுவில் வைத்தோம். கையிருப்பைச் சொல்பவர் என்று ஓர் இடைமுகம், விற்பனையைக் கேட்பவர் என்று ஓர் இடைமுகம், அவ்வளவுதான். சிட்டையும் இருப்பும் அந்தத் தொகுதியைச் சார்கின்றன, ஒன்றையொன்று சார்வதில்லை. இருப்புத் தொகுதி தன்னைச் சேவை வழங்குநராகப் பதிந்துகொள்கிறது. சிட்டைத் தொகுதி நெட்பீன்ஸின் லுக்கப் என்னும் தேடல் வசதி வழியாக, இந்த இடைமுகத்தை நிறைவேற்றுபவர்கள் யார் யார் என்று கேட்கிறது. பூக்கடையில் இருப்புத் தொகுதி நிறுவப்படாததால் பதிலாக வெறும் பட்டியல் வரும்; கையிருப்புக் கட்டம் திரையில் தோன்றாது, சிட்டை வழக்கம்போல் நடக்கும். ஒருவரை மட்டும் கேட்கும் அழைப்பைவிட, எல்லோரையும் கேட்கும் அழைப்பே இங்கே பொருத்தம். எவரும் இல்லாத நிலைக்குத் தனியாக நிரல் எழுத வேண்டியிருக்காது.

சில சார்புகளை ஒழுங்குபடுத்துவதைவிட விட்டொழிப்பதே மேலாக இருந்தது. அச்சுத் தொகுதி ஒரு பிடிஎஃப் நூலகத்தைச் சுமந்துகொண்டிருந்தது. நூலகத்தின் அந்தப் பதிப்பு தமிழ் எழுத்துகளை யூனிகோடு வரிசையிலேயே வைத்ததால், சிட்டையில் மொத்தம் என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதைச் சரிசெய்ய இன்னொரு நூலகம், அதற்கு ஒரு எழுத்துரு மாற்றி என்று வால் நீண்டிருந்தது. ஜாவா 9 முதல் ஜாவாவின் சொந்த வரைகலைப் பகுதி எழுத்துகளை அமைக்க ஹார்ஃப்பஸ் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. அதில் தமிழ் சரியாகவே வருகிறது. சிட்டையை ஜாவாவின் அச்சு இடைமுகம் வழியாக நேரடியாக வரைந்து அச்சிட்டு, அந்த நூலக வரிசையை முழுவதுமாக நீக்கிவிட்டோம். பிடிஎஃப் வேண்டும் என்பவர் விண்டோஸ் 10இல் உள்ள பிடிஎஃப் அச்சுப்பொறியைத் தேர்ந்துகொள்ளலாம்.

2021 டிசம்பரில், மென்பொருளின் பதிவுகளை எழுதும் லாக்4ஜே நூலகத்தில் ஒரு பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தக் குறை லாக்4ஜே-கோர் என்னும் ஜாரில் இருந்தது. லாக்4ஜே-ஏபிஐ என்னும் ஜாரில் இல்லை. பிஓஐ கேட்பது ஏபிஐயை மட்டுமே. நம்மிடம் இருப்பது எது என்ற கேள்விக்குச் சார்பு மரத்தைப் பார்த்து உடனே பதில் சொல்ல முடிய வேண்டும். கோர் எந்த வழியாக வந்தாலும் பில்டை நிறுத்தும் தடை விதி ஒன்றை என்ஃபோர்சரில் எழுதியிருக்கிறோம். பதிவுகள் அனைத்தும் ஜாவாவின் சொந்தப் பதிவு முறைக்கே திருப்பப்படுகின்றன.

கடைகளுக்குப் புதிய பதிப்பைக் கொண்டுசேர்ப்பது பென்டிரைவ் வழியாகத்தான். நெட்பீன்ஸில் ஒரு தொகுதியை என்பிஎம் கோப்பாக எடுத்து, செருகுநிரல் மேலாளரில் உள்ளூர்க் கோப்பிலிருந்து நிறுவ முடியும். ஆனால் எங்களுக்கு வந்த மூலநிரலில், தொகுதிகள் ஒன்றையொன்று இம்ப்ளிமென்டேஷன் பதிப்பைக் கொண்டு சார்ந்திருந்தன. அந்த வகைச் சார்புக்கு எண் மிகச் சரியாக ஒத்திருக்க வேண்டும். அந்த எண்ணோ ஒவ்வொரு பில்டிலும் மாறுவதாக அமைக்கப்பட்டிருந்தது. எனவே அச்சுத் தொகுதியில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் எல்லாத் தொகுதிகளையும் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இவற்றை ஸ்பெசிஃபிகேஷன் பதிப்புச் சார்புகளாக மாற்றினோம்: குறிப்பிட்ட எண்ணோ அதற்கு மேற்பட்டதோ இருந்தால் போதும் என்பது அதன் விதி. பொதுமாதிரித் தொகுதியில் புதிதாக ஒரு மெத்தடைச் சேர்த்தால் எண்ணை உயர்த்துகிறோம்; அதைப் பயன்படுத்தும் தொகுதி அந்த எண்ணைக் கேட்கிறது. பழைய பொதுமாதிரி உள்ள கணினியில் புதிய சிட்டைத் தொகுதியை மட்டும் நிறுவ முயன்றால், குறைவது எது என்று செருகுநிரல் மேலாளரே சொல்லி மறுத்துவிடும். விலையைப் பதின்மப் புள்ளி எண்ணிலிருந்து முழுப் பைசாவாக மாற்றியபோது பழைய நிரலோடு ஒத்துப்போகாத மாற்றமாக அது ஆனதால், தொகுதியின் பெயருக்குப் பின்னால் வரும் பெரும்பதிப்பு எண்ணையே 2 ஆக்கினோம். அன்று மட்டும் மூன்று கடைகளுக்கும் முழு நிறுவி போனது.

இம்ப்ளிமென்டேஷன் சார்பு ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. பார்கோடுத் தொகுதி, சாளரங்களை அடுக்கும் நெட்பீன்ஸின் உட்பகுதியிலுள்ள, வெளியே அறிவிக்கப்படாத ஒரு கிளாஸைத் தொடுகிறது. அடித்தளத்தை அடுத்த பதிப்புக்கு உயர்த்தினால் அது நிச்சயம் உடையும் என்பதால், பார்கோடு வாசிப்பானின் உள்ளீட்டைத் திரை மட்டத்தில் பிடிக்காமல் உள்ளீட்டுக் கட்டத்திலேயே பிடிக்கும்படி அந்தத் தொகுதியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். அது முடியும்வரை ரிலீஸ்210 அப்படியே இருக்கும்.